மூன்றாம் நம்பர் பிரஸ்ஸும் ஒரு வினைச்சொல்லும்

சூப்பர்வைசருக்குத் தெரியாதது என்று அந்தத் தொழிற்சாலையில் எதுவும் கிடையாது. இருபது வருடமாக யார் எதைக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். மூன்றாம் நம்பர் பிரஸ் தினமும் பதினோரு மணிக்கு ஏன் நின்றுபோகிறது என்று கேட்டால், திங்கட்கிழமை வோல்டேஜ் என்பார், செவ்வாய்க்கிழமை எண்ணெய் என்பார். ஒன்பது வருடமாக அந்த மெஷினோடு மல்லுக்கட்டும் ஆப்பரேட்டர் இரண்டு முறை காரணம் சொல்ல வந்தார். சூப்பர்வைசர் கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கா அந்த வினைச்சொல் வந்து வாய்க்க வேண்டும்? கம்பெனியைக் கொரியாக்காரர்கள் வாங்கியதிலிருந்து கேன்டீனில் மாலை வகுப்பு நடந்தது. முடிவில் ஒரு தேர்வு; புது இயக்குநர் முன்னால் கொரிய மொழியில் நன்றாகப் பேசும் ஒருவருக்கு மேனேஜர் பதவி. அந்தப் பதவிக்காகத்தான் சூப்பர்வைசர் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு வினைச்சொல் கொடுத்தார். ஸ்டோர்கீப்பருக்குச் 'சாப்பிடு' விழுந்தது. அவர் உடம்புக்கு அது பொருத்தம். சூப்பர்வைசருக்கு விழுந்தது 'மொருதா'. தெரியாமல் இருப்பது என்று அர்த்தம்.

சீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். டீச்சர் மசியவில்லை. வீட்டில் என்றால் 'மொல்லா', வெளியாரிடம் 'மொல்லாயோ', மேலதிகாரியிடம் 'மொருகெஸ்ஸும்னிதா' என்று சொல்லிக்கொடுத்து, நிஜமாகவே தெரியாத இடத்தில் மட்டும் நாளுக்கு ஒரு தடவை பயன்படுத்தச் சொன்னார். முதல் நாள் முழுக்கத் தேடியும் சூப்பர்வைசருக்கு அப்படியோர் இடம் அகப்படவில்லை.

மறுநாள் காலை மனைவி ஒரு படிவத்தை நீட்டி, மகள் எந்த வகுப்பு என்று நிரப்பச் சொன்னாள். பேனாவைத் திறந்தவர் அதை மூடிவைத்தார். "மொல்லா" என்றார். உச்சரிப்பு என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. அதன்பின் வீட்டில் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. மாமனாருக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன், மனைவிக்கு எத்தனை மாதமாக முதுகுவலி, எதைக் கேட்டாலும் மொல்லாதான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் தேர்வு நெருங்குகிறதே என்று சமாதானம் செய்துகொண்டார்.

தேர்வு நாளன்று மணி பதினொன்று. மூன்றாம் நம்பர் பிரஸ் வழக்கம்போல் நின்றது. இயக்குநர் அதன் முன்னாலேயே எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஏன் நிற்கிறது என்று கொரிய மொழியில் கேட்டார். ஸ்டோர்கீப்பர், தான் சாப்பிடுவதாகச் சொன்னார். சூப்பர்வைசர் கையிலும் இருந்தது ஒரே ஒரு வினைச்சொல். இடுப்பை வளைத்து, "மொருகெஸ்ஸும்னிதா" என்றார்.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கம்பெனியில் உண்மை பேசிய முதல் ஆள் இவர்தான் என்று அவர் சொன்னதை டீச்சர் மொழிபெயர்த்தார். அன்று மாலையே பதவி கைக்கு வந்தது.

பதவி வந்த வழி ஊருக்கே தெரிந்துவிட்டதால் தொழிற்சாலை முழுக்க அதே பேச்சாயிற்று. ஸ்டோரில் போல்ட் இருக்கிறதா என்றால் மொல்லாயோ. லாரி எப்போது வரும் என்றால் மொல்லாயோ. நேற்றுவரை விஷயம் தெரிந்தவர்கள்கூட இடுப்பை வளைத்தார்கள். இந்த நேரத்தில் இயக்குநர் உத்தரவு போட்டார்: மாத முடிவுக்குள் மூன்றாம் நம்பர் பிரஸ் சரியாக வேண்டும், இல்லையென்றால் மேனேஜர் நாற்காலி வேறொருவருக்கு.

புது மேனேஜர் நேராக ஆப்பரேட்டரிடம் போய், பிரஸ் ஏன் நிற்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்.

ஆப்பரேட்டர் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, "மொருகெஸ்ஸும்னிதா" என்றார்.

"விளையாடாதய்யா. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும் சார். ஆனா நீங்க அந்த ஒரு வார்த்தையிலதான மேல போனீங்க? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."