ஆறாம் எண்ணுக்கு நேரே

“உனக்குப் படிக்கத் தெரியலையா, இல்ல வாயைத் திறக்கத் தெரியலையா?” என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்த வாத்தியார் கேட்டபோது கைன்சாவுக்குப் பதினான்கு வயது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன பத்தியை முந்தின நாளே படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சத்தம்தான் வரவில்லை. அடுத்த தவணைப் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் புரளவில்லை என்று அப்பா சொன்னபோது அவள் அழுவாள் என்று வீட்டில் பயந்தார்கள். அவளோ சீருடையை மடித்துத் தங்கைக்கு எடுத்து வைத்தாள். நாலு வருஷமாகிவிட்டது. வாழைக்காய் உரிக்கும்போதும், தண்ணீர்க் கேனோடு வரிசையில் நிற்கும்போதும் அந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்ப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

இப்போது அவளுக்கு ம்பாலே நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வாசலுக்கு எதிரே, மஃபாபியின் ஜெராக்ஸ் கடையில் வேலை. “நம்ம கண்ணு பக்க எண்ணை மட்டும் பாக்கணும்” என்பது மஃபாபியின் சட்டம். “எழுத்தைப் பாக்க ஆரம்பிச்சா மாணவி ஆயிடுவே. மாணவிக்கு நான் சம்பளம் தர்றதில்ல.” ஆனால் கண் எழுத்தின் மேலேயே போய் விழுந்தது. கல்லூரியில் வகுப்புக்கு ஒருத்தி ஒழுங்காகக் குறிப்பெடுப்பாள்; தேர்வு வந்ததும் மற்றவர்கள் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். இந்த வருஷம் அந்த ஒருத்தி நம்போசோ. தலைப்புக்குச் சிவப்புக் கோடு, ஓரத்தில் இரண்டு விரல் இடம், தன் சந்தேகத்துக்கு அங்கே ஒரு சின்னக் கேள்விக்குறி. சார் சொல்லச் சொல்ல ஏதாவது தவறிப்போனால் எண்ணை மட்டும் போட்டு இடம் விட்டுவைப்பாளே தவிர, தெரியாததை இட்டு நிரப்ப மாட்டாள். கைன்சாவுக்கு அந்த நோட்டைப் பிடிக்கும். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவைப்பாள். மனசில் தங்கியதை, வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கத்தில் தன் வார்த்தையில் எழுதுவாள். அப்படி எழுதி ஸ்டேபிள் அடித்த தாள்கட்டுகள் காகிதப் பெட்டிகளுக்குப் பின்னால் சேர்ந்திருந்தன. யாருக்கும் தெரியாது.

தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு மதியம் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்க மஃபாபி போயிருந்தார். மெஷின் பக்கத்தில் நம்போசோவின் நோட்டு திறந்து கிடந்தது. சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை என்று ஐந்து வரி. பிறகு ஆறு என்று எண், அதற்கு நேரே வெற்றிடம். அந்த வெற்றிடம் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. பென்சிலை எடுத்தாள். ‘கூச்சப்படும் பிள்ளையை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லாதே. புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதித் தரச் சொல். அதற்குப் படிக்கத் தெரியும் என்பது அதிலேயே தெரியும்.’ நம்போசோவின் எழுத்துப் போலவே சாய்த்து எழுதிப் பார்த்தாள். அழித்துவிடத்தான் நினைத்தாள். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. மஃபாபி கேனோடு உள்ளே நுழைந்து, “அம்மா தாயே, வகுப்பே வாசல்ல நிக்குது, ஓட்டு” என்றார். ஓட்டினாள். பென்சிலும் பிரதியில் மையைப் போலக் கறுப்பாகத்தான் விழும் என்பது, அறுபது பேரும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது. அவசர அவசரமாக நோட்டில் மட்டும் அழித்தாள்.

விடைத்தாள் திருத்தி வந்த வாரம், இரண்டு பெண்கள் கல்லாவில் சாய்ந்துகொண்டு பேசினார்கள்.

“எல்லாரும் ஆறாவதா அதையே எழுதியிருக்கோம்டி. சார் சிவப்பு மையில அடிச்சுட்டு, இதை நான் எந்த வகுப்புல சொன்னேன்னு கேக்கறார். கூட்டுக் காப்பியாம். மார்க்கை நிறுத்தி வெச்சுட்டார்.”

“நம்போசோ நோட்டைப் பாத்தியா? அதுல ஆறு காலி. நமக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணு.”

“டீச்சர் ஆகறதுக்கு முன்னாடியே வகுப்பையே ஃபெயிலாக்கிட்டா, மகராசி.”

“இனிமே சாப்பாட்டுல அவ தட்டுப் பக்கத்துல என் தட்டு இருக்காது. நாளைக்கு முதல்வர் கூப்பிட்டிருக்கார். பொட்டியைக் கட்டிக்கிட்டுப் போகட்டும்.”

அன்று மெஷினில் தாள் சிக்கிக்கொண்டே இருந்தது. வாங்கி வைத்த முட்டைச் சப்பாத்தி ஆறிப்போய் எண்ணெய் உறைந்தது. நம்போசோவைத் துரத்திவிடுவார்கள் என்ற பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்து குடைந்தது. அதை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அறுபது கைகள் அவள் வாக்கியத்தை எழுதியிருக்கின்றன. சார் அதை அடித்தது தப்பு என்பதாலா, தான் சொல்லாதது என்பதாலா? யாரிடம் போய்க் கேட்பது? வெளியே வனாலே மலை மேல் மேகம் இறங்குவதும் விலகுவதுமாக இருந்தது. மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“எறும்பு கடிச்சிடுச்சா உன்னை?” என்றார் மஃபாபி.

சாயங்காலம் நம்போசோவே வந்தாள். கண் வீங்கியிருந்தது. கல்லா மேல் தன் நோட்டையும் ஒரு பிரதியையும் அருகருகே வைத்தாள்.

“அண்ணே, என் நோட்டுல இல்லாதது உங்க பிரதியில எப்படி வந்தது?”

“டீச்சரம்மா, மெஷின் பொய் சொல்லாது” என்றார் மஃபாபி. “வெச்சதுதான் வரும். நீங்களே எழுதி அழிச்சிருப்பீங்க. இங்க பாருங்க, ரப்பர் தேச்ச தடம்.”

“நான் பென்சில்ல எழுதறதே இல்லைண்ணே. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்றேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

“அப்ப பேய் எழுதிச்சுன்னு சொல்லுங்க, கல்லூரிக்கு விளம்பரமாச்சு” என்று சிரித்தவர், “நாலு வருஷமா இந்தப் பொண்ணு இருக்கா. வாயே கிடையாது. அவளா எழுதப்போறா?” என்றார்.

நம்போசோ நோட்டை மூடினாள். இனி கேட்க எந்த இடமும் இல்லை என்பது அந்த மூடலில் இருந்தது. கைன்சாவின் நாக்கு, பழைய வகுப்பறையில் போலவே, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மஃபாபி துண்டால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வேலை போனால் தங்கையின் படிப்பும் போகும். அவள் காகிதப் பெட்டிகளை நகர்த்தினாள். ஒன்று சரிந்து விழுந்தது. தான் எழுதிய தாள்கட்டுகளில் கடைசியை எடுத்து, அந்த ஆறாவதை எழுதிப் பார்த்திருந்த பக்கத்தை விரித்து, கல்லாவில் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதே மூன்று வாக்கியம். கீழே அடித்து அடித்து எழுதிய வேறு வடிவங்கள். மஃபாபியின் கைத்துண்டு நின்றது.

“கைன்சா” என்றார், மெதுவாக. “என்ன இது?”

நம்போசோ தலையைத் தூக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தாள். அதற்கு முந்தின பக்கத்தைப் புரட்டினாள், அதற்கும் முந்தினதை. தன் பாடங்கள் முழுவதும் அங்கே வேறு வார்த்தைகளில், தான் கேள்விக்குறி போட்டிருந்த இடங்களில் நின்று நின்று, சில இடத்தில் வழி தவறியும் கிடந்தன.

“இந்த ஆறாவது யார் சொல்லிக் குடுத்தது உனக்கு?”

“யாரும் சொல்லலைக்கா” என்றாள் கைன்சா. “பள்ளிக்கூடத்துல என்னை அப்படி நிக்க வெச்சாங்க. அதான் தெரியும். அழிச்சுடலாம்னு நெனச்சேன். பிரதியில விழும்னு தோணலை. நாளைக்கு இதைக் காட்டுங்க. நான்தான்னு சொல்லுங்க.” பிறகு அடக்க முடியாமல் கேட்டாள்: “அக்கா, அது தப்பா?”

மஃபாபி அவளையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே ஒரு வாடகை மோட்டார் சைக்கிள்காரன் ஹாரனை அழுத்தினான்.

நம்போசோ கட்டை மூடினாள். ஓரங்களைத் தட்டிச் சீராக்கினாள். அதைத் தன் நோட்டுக்குள் வைக்கவில்லை. நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கட்டை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். “முழுசாப் படிச்சுட்டுத்தான் நாளைக்குக் காட்டுவேன்” என்றாள். பிறகு திரும்பி, படியிறங்கி, வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடந்தாள். கல்லூரிக் கதவுக்குள் நுழைந்தவள் முதல்வர் அறைப் பக்கமும் போகவில்லை, விடுதிப் பக்கமும் போகவில்லை. கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று கட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்தாள். தூறல் தொடங்கியது. தாளை மார்போடு சாய்த்து மறைத்துக்கொண்டு, கடைப் பக்கம் ஒரு முறையும் பார்க்காமல், படித்தபடியே உள்ளே நடந்து போனாள்.