அரை மணி நேரம் விட வேண்டும்

லிஃப்ட் மெக்கானிக் இறந்த மூன்றாவது வாரம், அவர் வீட்டில் பவளம் வளர்த்த உப்புநீர்த் தொட்டியில் கால்சியம் மறுபடி நானூற்று இருபதுக்கு ஏறியது. கால்சியத்தை ஊற்றியவர் அவர்தான். அவருடைய மனைவி, பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள், ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் இதைக் கண்டுபிடித்தாள். கண்ணாடிக் குப்பியில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீரை எடுத்து, இளஞ்சிவப்பு நீலமாக மாறும் வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். முந்தின ஞாயிறு முந்நூற்று அறுபதுதான் இருந்தது. இரண்டாம் முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு கால்சியம் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவர் போனதிலிருந்து அவள் தொடாத பாட்டில் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. மூடியில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை.

கல் பவளங்கள் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தங்களுக்கு எலும்பு கட்டிக்கொள்ளும். எடுத்ததைத் தினமும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பாட்டில்கள்: ஒன்றில் கால்சியம், மற்றதில் சோடா உப்பு கரைத்த தண்ணீர். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் பவளத்துக்குப் போய்ச் சேராமல் தண்ணீரிலேயே சுண்ணாம்பாகித் திரிந்துவிடும். நடுவில் அரை மணி நேரம் விட வேண்டும். பதினான்கு வருடம் அவர் ஆறரைக்குக் கால்சியத்தை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனார், அவள் ஏழு மணிக்கு எழுந்து சோடாவை ஊற்றினாள். அவர் போன பிறகும் தன் பாட்டிலை மட்டும் ஊற்றிவந்தாள். அவருடையதைத் திறக்கக் கை வரவில்லை.

விஷயத்தை நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவள், எதையும் இரண்டு தடவை பார்ப்பவள்.

“உயிரோட இருந்தப்ப குடிச்ச டம்ளரைக் கழுவி வச்சதில்ல எங்கண்ணன். இப்ப வந்து தொட்டிக்கு மருந்து ஊத்துறாராக்கும்?”

“தொட்டிக்கு எப்பவும் ஊத்துவாரு. டம்ளர்தான் கழுவ மாட்டாரு.”

அது உண்மை என்று நாத்தனாருக்கும் தெரியும்.

அவரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர மனைவிக்கு வேறு எண்ணம் ஓடவில்லை. ஆறு மணிக்கே ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் வரவில்லை. ஒன்பது நாள் அப்படி உட்கார்ந்ததில் கால்சியம் முந்நூற்று ஐம்பதுக்கு இறங்கியது, பவளங்கள் வளர்வதை நிறுத்தின. பத்தாம் நாள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு விழித்தே கிடந்தாள். ஆறரைக்கு மூடி திருகும் சத்தம் கேட்டது. அவள் ஹாலில் இருந்தால் அவர் வரமாட்டார், கதவைத் திறந்தால் போய்விடுவார். இப்படி ஒரு வருடம் ஓடியது. அவர் இருமுவதுகூடக் கேட்கும்.

பிறகு அவள் பல் செட் கூடத்திலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தாள். சோடா பாட்டிலைப் படுக்கையறை அலமாரியின் மேல் வைத்து, குழாயைக் கிளிப் போட்டு அடைத்துக் கதவுக்கு அடியில் விட்டு, மறுமுனையைத் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பொடியையும் தண்ணீரையும் கலந்து இறுக வைப்பதுதான் அவள் தொழில். பதினான்கு வருடம் கலக்காமல் இருந்ததைக் கலந்தால் ஆளும் கொஞ்ச நேரம் இறுகி நிற்பார் என்று கணக்குப் போட்டாள். மறுநாள் ஆறரைக்கு மூடிச் சத்தம் கேட்டதும் குழாயின் கிளிப்பை எடுத்துவிட்டாள்.

தொட்டி பாலாக வெளுத்தது. அந்த வெண்மை தொட்டியோடு நிற்காமல் ஹாலின் கூரையிலிருந்தும் பொடியாக இறங்கியது, பதினோரு நிமிடம். அவள் கதவைத் திறந்தபோது அவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பொடி படிந்த இடமெல்லாம் தெரிந்தது: தலை, காதுகள், கருவிப் பை தூக்கித் தூக்கிச் சற்றே தாழ்ந்துபோன வலது தோள். அவர் திரும்பிப் பார்த்தார். இமைகள் வெள்ளையாக இருந்தன.

“அரை மணி நேரம் விடணும்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்,” என்றார்.

“நீங்க மட்டும் சொன்னபடியா இருந்தீங்க?” என்றாள். “சாயங்காலம் வரேன்னுட்டுத்தானே போனீங்க?”

தொட்டிக்குள் பம்பு சுண்ணாம்பு அடைத்து நின்றுபோயிருந்தது. அவர் அதைக் கழற்றி, வினிகருக்காகக் கையை நீட்டினார். வினிகர் பட்டால் சுண்ணாம்பு கரையும், கரைந்த இடத்தில் அவர் இருக்கமாட்டார். கொடுக்காமல் விட்டால் அவர் அப்படியே நிற்பார், பவளங்கள் மாலைக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அவள் வினிகர் பாட்டிலை எடுத்துப் பிடித்தபடி நின்றாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் கொடுத்தாள், கொடுக்கும்போது அந்த விரல்களைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாள். சொரசொரப்பாக, குளிர்ச்சியாக இருந்தன. அவர் பம்பைக் கழுவக் கழுவ முதலில் விரல்கள் போயின, பிறகு மணிக்கட்டு. முழங்கை வரை போனபோது பம்பு ஓடத் தொடங்கியது. மீதியை ஈரத்துணியால் அவளே துடைத்தாள், நெற்றியை மட்டும் கடைசியாக.

பவளங்களில் பாதி பிழைத்தன. கால்சியம் ஏறி வர ஒன்றரை மாதம் பிடித்தது. அதன் பிறகு ஏழு வருடங்களில் அவள் ஒரு நாளும் ஏழு மணிக்கு முன் ஹாலுக்கு வரவில்லை. எட்டாம் வருடம் வேலை விஷயமாக வெளியூரில் பத்து நாள் தங்க வேண்டியிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்தாள்.

“முதல் பாட்டிலைப் பத்திக் கவலைப்படாத. ஏழு மணிக்கு ரெண்டாவதை மட்டும் ஊத்திடு.”

“ஆறரைக்கு நான் ரூமுக்குள்ளயே இருக்கணுமா, அண்ணி?”

“ஆமா. கதவைச் சாத்திக்கோ.”

நாத்தனார் எழுதி வைத்துக்கொண்டாள். ஒன்பது நாள் சரியாக ஏழு மணிக்கு ஊற்றினாள். ஒரு நாள் மட்டும் ஏழே காலாகிவிட்டது. அண்ணனோடு பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை என்று ஊரிலிருந்து திரும்பிய அண்ணியிடம் சொன்னாள். பேசியது, சாத்திய கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதானாம்.