எச் பிளாக்கின் மின்சாரம்

‘வித்தியாசம்’ என்ற கட்டத்தில் ஸைபர் வர வேண்டும், வந்தால்தான் கையெழுத்து. ஜ்யோத்ஸ்னாவின் வாழ்க்கை சில வாரங்களாக இந்த ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

தில்லியின் மின் விநியோக நிறுவனம் ஒன்றில், எந்தக் குடியிருப்பு எந்த மாதம் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது என்று ஆராய்ந்து சொல்லும் மென்பொருள் ஒன்று இருபது வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பது மரியாதைக்காகச் சொல்வது; மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தது என்பதே சரி. அதற்குப் பதிலாகப் புதியது எழுதித் தரும் பொறுப்பு ஜ்யோத்ஸ்னாவின் கம்பெனிக்கு வந்தது. எழுதியும் ஆகிவிட்டது. இரண்டும் ஒரே கணக்கைக் காட்டுகின்றன என்று அந்நிறுவனத்தின் துணைப் பொது மேலாளர் ராமசுப்ரமணியன் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டால், திங்களன்று அவள் பெங்களூர்க் கிளையில் சேரலாம். அவள் கணவன் அர்விந்த் பாதி வருடமாக அங்கே தனியாக இருந்துகொண்டு ஹோட்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தான். வெள்ளி தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு என்று கம்பெனி தெளிவாகச் சொல்லியிருந்தது.

எல்லாக் குடியிருப்புகளும் பொருந்தின, ஒன்றைத் தவிர. தெற்குத் தில்லியில் ஓர் அரசு ஊழியர் குடியிருப்பின் எச் பிளாக். பழைய மென்பொருள் அங்கே தாராளமாக மின்சாரம் செலவாவதாகச் சொன்னது; புதியது ஒன்றுமே இல்லை என்றது. ஜ்யோத்ஸ்னா முதலில் தன்னையே சந்தேகித்தாள். தான் குடியிருக்கும் மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வரும்போதுகூட மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு பழைய நிரலை வரிவரியாகப் படித்தாள். காரணம் அகப்பட்டது.

அந்தக் காலத்தில் மே மாதம் வந்தால் ஊழியர் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிடும். மீட்டர் வீட்டுக்குள்ளே, ரீடிங் எடுக்க வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆகவே, ரீடிங் வராத வீட்டுக்குப் போன வருடம் அதே மாதத்துக் கணக்கையே போட்டுக்கொள் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால், எச் பிளாக்கை மறுபடி கட்டுவதற்காக இடித்துத் தரைமட்டமாக்கி மூன்று வருடம் ஆகிறது. பழைய மென்பொருளோ, அத்தனை பேரும் ஊருக்குப் போயிருப்பதாக எண்ணிக்கொண்டு, வருடா வருடம் அதே கணக்கைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தது.

செவ்வாயன்று ராமசுப்ரமணியனின் அறையில் இதை அவள் மிகவும் பணிவாக விளக்கினாள்.

“அங்க வீடே இல்ல சார்.”

“தெரியுமேம்மா. நான் தினம் அந்த வழியாத்தானே ஆர்.கே.புரம் போறேன். வெறும் மண்ணு.”

“அப்போ கரண்ட் எப்படி சார் செலவாகும்?”

“ஆகாது.”

“புதுசும் அதத்தானே சார் சொல்றது?”

“சொல்றது. ஆனா பழசு வேற மாதிரி சொல்றதே! அக்ரிமெண்ட்ல என்ன போட்டிருக்கு? ரெண்டும் டேலி ஆகணும். எது சரின்னு பாக்கச் சொல்லி எங்கேயும் போடல.” அவர் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். “குடி, ஆறிடறது. நான் ஏதாவது தப்பா சொல்றேனா?”

“இல்ல சார்” என்றாள், பழக்கதோஷத்தால். வெளியே வந்த பிறகுதான் தன் நாக்கின் மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்து, பகுதி அலுவலகத்தின் சுஷ்மாவுக்குத் தொலைபேசினாள். எச் பிளாக் இணைப்புகளை முடித்து வைத்துவிட்டால் பழைய மென்பொருளும் அடங்கிவிடும் அல்லவா? சுஷ்மா ஹிந்தியில் அன்பொழுகப் பேசினாள்.

“இணைப்பை மூடணும்னா கடைசி ரீடிங் வேணுமே, மேடம்ஜி.”

“மீட்டரே இல்லையே சுஷ்மாஜி.”

“அச்சா, அப்போ மீட்டர் காணாமப்போச்சுன்னு குடியிருக்கிறவங்க எழுதித் தரணும்.”

“வீடும் இல்ல.”

“அதனால என்ன? ஆளுங்க எங்கேயாவது இருப்பாங்க இல்ல? ஒவ்வொருத்தரா அனுப்பிவைங்க. ஜல்தி ஒண்ணும் இல்ல, மெதுவா வரட்டும்.”

அன்று மாலை ஃபோனில் அர்விந்த் பொறுமையிழந்தான். “ஒரு வரிதானே ஜ்யோ? அவாளுக்கு வேணுங்கறதப் போட்டுக் குடுத்துட்டு ஃப்ளைட் ஏறு.”

“தப்புன்னு தெரிஞ்சே எப்படிடா போடறது?”

“இத்தன வருஷமா அந்தத் தப்போடதான் ஆஃபீஸே ஓடறது. நீ வந்து திருத்தலேன்னா தில்லி இருட்டாயிடுமா?”

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். எரிச்சல் இரட்டிப்பாயிற்று. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு, போன வருடக் கணக்கையே போட்டுக்கொள்ளச் சொல்லும் அந்த வரியைப் புதியதிலும் எழுதினாள். இல்லாத வீடுகளில் மின்சாரம் பாய்ந்தது. கட்டத்தில் ஸைபர் வந்தது.

“பாத்தியா! முயற்சி பண்ணினா எல்லாம் வரும்” என்று ராமசுப்ரமணியன் மனமாரப் பாராட்டினார். வெள்ளியன்று பொது மேலாளர் முன்னிலையில் கையெழுத்திட்டால்தான் கௌரவம் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பழைய மென்பொருளில் வெறும் எண்கள்தாம். புதியதிலோ தில்லியின் வரைபடமே திரையில் விரியும். தாங்கும் சக்திக்கு மேல் செலவாகும் இடம் சிவப்பாகத் தெரியும். எச் பிளாக்கை இடித்தபோதே அங்கிருந்த டிரான்ஸ்ஃபார்மர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டட வேலைக்கென்று விட்டுவைத்த ஒரே ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் அத்தனை வீடுகளின் செலவும் விழுந்ததால், அந்தப் பொட்டல் தணல்போல் ஜொலித்தது.

பொது மேலாளர் மாதவ் எழுந்தே நின்றுவிட்டார். “இது எந்த இடம்?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“எச் பிளாக் சார். கொஞ்சம் லோட் ஜாஸ்தி” என்றார் ராமசுப்ரமணியன், பேனாவைத் திறந்தபடி.

“கொஞ்சமா? மே மாதம் வெடித்துவிடும்! புது டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் கையில் இருக்கிறதா?”

“மயூர் விஹாருக்குன்னு ரெண்டு வந்திருக்கு சார்.”

“அதை இங்கே திருப்புங்கள்.”

பேனா ஒப்புதல் காகிதத்தைத் தொடுவதற்கு விரற்கடைதான் இருந்தது. போன கோடையில் மயூர் விஹாரில் மின்சாரமின்றி வியர்த்து வழிந்த பகல்கள் ஜ்யோத்ஸ்னாவின் நினைவுக்கு வந்தன.

“சார், அங்க யாருமே இல்ல. அந்தக் கரண்ட்டெல்லாம் நான் போட்டது.”

“நீங்களா?”

“கணக்குல சார்.” மூச்சுவிடாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள்.

மாதவ் ராமசுப்ரமணியனைப் பார்த்தார். “டேலி ஆகணும்னு அக்ரிமெண்ட் சார்” என்றார் அவர், குரல் இறங்கி. மாதவ் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, காகிதத்தின் ஓரத்தில் ‘இடிக்கப்பட்ட வீடுகள் நீங்கலாக’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். அவ்வளவுதான் காரியம். இத்தனை நாளாக அவள் முட்டிக்கொண்ட சுவர், தும்முகிற நேரத்தில் விழுந்துவிட்டது.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ, சுமுகமா முடியும்னு?” என்று ராமசுப்ரமணியன் அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“இன்னும் எத்தனை பிளாக் இப்படி இருக்கிறதோ! இந்தப் பெண்ணை இன்னொரு வருடம் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் மாதவ்.

“அவளுக்கும் அதான் சார் ஆசை.”

“இல்ல சார்” என்றாள் ஜ்யோத்ஸ்னா. “எனக்கு அந்த ஆசை இல்ல. திங்கக்கிழமை நான் பெங்களூர்ல இருக்கணும். தயவு பண்ணி கையெழுத்துப் போடுங்கோ.”

ராமசுப்ரமணியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். அவர் காகிதத்தைத் தரும்வரை அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அங்கேயே நின்றபடி மடிக்கணினியில் அந்த ஒரு வரியை அழித்தாள். திரையில் எச் பிளாக்கின் சிவப்பு அணைந்தது.

“பாருங்கோ சார்,” என்றார் ராமசுப்ரமணியன் மாதவிடம், பெருமையாக, “எவ்வளவு கரண்ட் மிச்சம்!”

ஜ்யோத்ஸ்னா இருவருக்கும் கைகூப்பிவிட்டு, காகிதத்தோடு வேகமாக வெளியேறினாள்.