எதுக்கு சாரின் மனைவி சைக்கிளில் போகிறாள்

குடிநீர் வாரியத்தின் வண்டி ஷெட்டில் வாசலை ஒட்டிய மேசைக்காரரை டிரைவர்கள் ‘எதுக்கு சார்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக இல்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும். லாரியோ ஜீப்போ, அவரிடம் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்காமல் கேட்டைத் தாண்ட முடியாது. அதில் மூன்றே கட்டம்: எங்கே, எதற்கு, எப்போது திரும்பும். நடுக்கட்டம் காலியாக இருந்தால் பெரிய அதிகாரியே ஜீப்பில் உட்கார்ந்திருந்தாலும் மனுஷர் மசிய மாட்டார். “எதுக்கு சார்?” என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். இருபத்தாறு வருஷமாக அதே பார்வை, அதே கேள்வி.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டிலிருந்தே ஒரு வண்டி ஞாயிறுதோறும் தாளும் இல்லாமல் தாக்கலும் இல்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது அவர் மனைவி.

அவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிறவள். வயது நாற்பத்தெட்டு. கல்யாணமாகிப் போன மகள் மாடிப்படிக்கு அடியில் விட்டுவிட்டுப் போன சைக்கிளை நாலு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் துடைத்தாள், காற்றடித்தாள், ஏறிப் போனாள். அவ்வளவுதான் ஆரம்பம். காலையில் போனால் மத்தியானம்தான் வருவாள். முகம் வெயிலில் கன்றிப்போயிருக்கும், செருப்பெல்லாம் புழுதி. ஆனால் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் மாதிரி உள்ளே நுழைவாள்.

“எங்க போன?”

“சும்மா, பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்க ஒரு வீட்டு மாடியில நூறு கையுறை காயப்போட்டிருக்காங்க. எல்லாம் மஞ்சள். காத்தடிச்சா எல்லாம் சேர்ந்து டாட்டா காட்டுது.”

“அதைப் பாக்கவா அவ்ளோ தூரம் போன?”

“அது அங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதேங்க. தெரியாததைப் பாக்க எப்படிக் கெளம்ப முடியும்?”

“பஸ்ல போகக் கூடாதா?”

“பஸ்ல போனா பாக்கலாம், நிக்க முடியாது. நடந்தா நிக்கலாம், தூரம் போக முடியாது. இதுல ரெண்டும் முடியுது. அப்புறம் மேட்டுல மூச்சு வாங்க மிதிச்சு ஏறினதும் ஒரு இறக்கம் வரும் பாருங்க, அப்ப வந்து...” என்று கைகளை விரித்தவள், மேலே சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டாள்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் உறைத்தது. இந்தச் சிரிப்பை அவர் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டில் வராத சிரிப்பு வெளியில் எங்கிருந்து வருகிறது? மெல்ல மெல்ல என்னை விட்டுப் போகத்தான் பழகிக்கொள்கிறாளோ என்று நினைத்தார். உடனே மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மா எதுக்கும்மா சைக்கிள்ல போறா? உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

“பிடிச்சிருக்குப்பா, போறாங்க.”

“அதான், எதுக்குப் பிடிச்சிருக்கு?”

“பிடிக்கிறதுக்கெல்லாம் காரணம் கேட்டா எப்படிப்பா? உங்களை அம்மாவுக்குப் பிடிச்சதே, அதுக்கு என்ன காரணம்?”

அந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்டுப் பார்த்தார், உருப்படியாக ஒரு பதிலும் கிடைக்கவில்லை. இருந்த கவலை போதாதென்று இதுவும் வந்து சேர்ந்துகொண்டது.

ஷெட்டில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. லாரி திரும்பி வர நேரமானால் டிரைவரைக் கூப்பிட மாட்டார். டிரைவர் பொய் சொல்வான், ரோடு பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. ஊரைச் சுற்றியுள்ள பெட்ரோல் பங்க், பஞ்சர் கடை, ரயில்வே கேட் எல்லாவற்றின் நம்பரும் ஒரு தடித்த நோட்டில் இருக்கும். வரிசையாகக் கூப்பிட்டு, ‘வண்டி அந்தப் பக்கம் தாண்டிச்சா?’ என்று கேட்டே ஆளைப் பிடித்துவிடுவார். மனைவியோ செல்போனை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டுப் போகிறவள். அடுத்த ஞாயிறு நோட்டு வீட்டுக்கு வந்துவிட்டது.

“நீலப் பை மாட்டிக்கிட்டு ஒரு அம்மா சைக்கிள்ல போனாங்களா?”

“இப்பத்தான் சார் போனாங்க. செங்கல் சூளைப் பக்கம் திரும்பிட்டாங்க.”

அடடா, என்ன நிம்மதி! மூன்று வாரம் இப்படி ஓடியது. பாவி மனுஷர், தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாலாவது வாரம், பூட்டியிருந்த ரயில்வே கேட்டில் அவள் காலூன்றி நின்றபோது கேட் கீப்பர் எட்டிப் பார்த்தார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு. நீங்க இங்க இருக்கீங்கன்னு சொல்லிடட்டுமா?”

ரயில் போனது, கேட் திறந்தது. அவள் தாண்டவில்லை, வந்த வழியே திரும்பிவிட்டாள். சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தி, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

“அக்கறையிலதானே கேட்டேன்.”

“அக்கறைதான். இல்லைன்னு சொல்லலையே. வாரம் பூரா நான் எங்க இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும். கடைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் யாருக்கும் தெரியாது. அடுத்த திருப்பத்துல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. அதுதாங்க நல்லா இருந்துச்சு. இப்ப போச்சு.”

சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. அவள் போடவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வீட்டிலேயே இருந்தாள். அவரோடு டிவி பார்த்தாள், அலமாரியை ஒழுங்கு செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவளை எந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் போன் போட்டுத் தேடுவது?

மூன்றாவது ஞாயிறு அவரே சைக்கிளை வெளியே எடுத்தார்.

“அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்.”

“காத்து கம்மியா இருக்கு. அடிச்சுக்கிட்டுப் போங்க” என்றாள் அவள்.

நேராகக் கையுறை மாடிக்குத்தான் போனார். அங்கே வெறுங்கொடி. ஒன்றுகூட இல்லை. முழங்கால் இரண்டும் அவரைத் திட்டின. இதற்கா என்று எரிச்சலோடு திரும்பியவர், எந்தச் சந்தில் நுழைந்தாரோ, வழி மாறிவிட்டது. ஒரு மேடு வந்தது. பாதியில் இறங்கித் தள்ளினார். உச்சியில் ஏறி உட்கார்ந்தார். வண்டி தானாக உருள ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் அடைத்த கிடங்குகள், வெயில், சட்டைக்குள் காற்று. ஐயோ என்று பிரேக்கைப் பிடிக்கப் போனவர் பிடிக்கவில்லை.

கீழே ஒரு மதில். அதற்கு அந்தப் பக்கம் யாரோ டிரம்பெட் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரி, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் கடைசி ஸ்வரம் பிசகியது. அவர் காலூன்றினார். இந்தத் தடவை சரியாக வரும், இந்தத் தடவை வரும் என்று பத்து நிமிஷம் நின்றார். வரவில்லை. இதில் தனக்கு என்ன வேலை என்றும் புரியவில்லை, அங்கிருந்து போகவும் மனசு வரவில்லை.

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

எடுத்துப் பார்த்தார். விரலை வைத்தால் போதும். வைக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓய்ந்ததும் நெஞ்சுக்குள் ஒரு குளுமை, அதன் பின்னாலேயே குப்பென்று வியர்வை. என்ன காரியம் பண்ணினேன்! அவள்மேல் எனக்கு என்ன குறை? தேடித் தேடிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அவரே கூப்பிட்டார்.

“எங்க இருக்கீங்க?”

“தெரியல.”

“ஏன் போன் எடுக்கல?”

“அடிச்சது கேட்டுச்சு. எடுக்கத் தோணல. எதுக்குன்னு தெரியலம்மா.” அவருக்குக் குரல் உடைந்தது. “உன்மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணும் இல்ல.”



“எனக்கும் உங்கமேல கோவம் ஒண்ணும் இருந்ததில்லைங்க” என்றாள் அவள்.