பன்னிரண்டாம் கேள்வி

...இல்லை, இன்றைக்குச் சொல்லியே தீருவேன், முப்பத்தோராவது ஸ்லைடு என்னுடையது, அது வந்ததும் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டியதுதான், இப்போது இருபத்திரண்டுதான் ஓடுகிறது, மேனேஜர் வழக்கம்போல "அடுத்தது, அடுத்தது" என்று தள்ளிக்கொண்டு போகிறார், அதனாலேயே நாங்கள் அவருக்கு வைத்த பெயர் அடுத்தது, ஒருநாள் கேன்டீனில் அவர் காதுபடவே கூப்பிட்டுவிட்டேன், கோபப்படவில்லை, "நல்லாத்தான் இருக்கு, அடுத்தது என்ன?" என்றார்... நல்ல மனிதர், அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் இந்நேரம் போட்டு உடைத்திருப்பேன். சுவரில் இருக்கும் பெரிய திரையில் தலைமை அலுவலகத்து மேடம், பதினான்கு நாடுகளின் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு வியாபாரம் முழுக்க அவர் கையில், இன்று அவர் தலையாட்டினால் புது மூடிக்கு அச்சு வார்க்கச் சொல்லி ஆர்டர் போய்விடும், போனால் போனதுதான், திரும்பாது. மேஜையில் ஆளுக்கொரு பாட்டில் வைத்திருக்கிறார்கள், அழகான பச்சை, யாராவது ஒருவராவது திறந்து பார்ப்பார்களா என்று காலையிலிருந்து பார்க்கிறேன், ஒருவரும் தொடவில்லை, பூஜாடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

நான் எப்படி அதைச் செய்தேன், புத்தி எங்கே போயிருந்தது... தப்பு என்றுகூடத் தோன்றவில்லையே, ஒழுங்காக வேலை செய்வதாகத்தான் நினைத்தேன். எந்தக் கம்பெனி சோப்பு என்று தெரியாமல் வீடுகளில் கொடுத்துப் பார்க்கும் சோதனை, வெளியே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது, ஆனால் மூடிக்கு அடியில் வாயை மூடியிருக்கும் வெள்ளித்தாளில் கம்பெனி பெயர் பெரிதாக அச்சடித்திருக்கிறது, ஐயோ, பார்த்துவிட்டால் சோதனையே பாழ், அதனால் இரண்டு நாள் ஸ்டோர் ரூம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருநூற்று நாற்பது பாட்டிலையும் திறந்து, தாளை நகத்தால் கிழித்து எடுத்து, மறுபடி மூடி வைத்தேன், மூன்று நகம் போயிற்று, அடுத்தது வந்து எட்டிப்பார்த்து, "இந்த மாதிரி பொறுப்பா ஒரு ஆள நான் பாத்ததில்லம்மா" என்றார், உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. புது மூடியில் பூட்டு வளையம் ஒன்று உண்டு, முதல் தடவை திருகும்போதுதான் அது உடையும், கஷ்டமெல்லாம் அந்த முதல் தடவையில்தான் இருக்கிறது, அந்த முதல் தடவை முழுவதையும் நானே ஸ்டோர் ரூமில் செலவழித்துவிட்டு, வீடு வீடாகப் போய், கேள்வி பன்னிரண்டு, மூடியைத் திறப்பது எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறேன்! மிக எளிது, மிக எளிது, மிக எளிது... நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. திருவிழா மாதிரி கைதட்டினார்கள்.

சித்தி மட்டும் நேற்று அதைத் திறக்காமல் இருந்திருந்தால்... தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம்புது பாட்டில், ஆசையாக வீட்டுக்கு எடுத்துப்போனேன், சித்தி கையெல்லாம் நுரை, திருகுகிறாள், வழுக்குகிறது, முந்தானையால் பிடித்துத் திருகுகிறாள், "ஏண்டி, இது சோப்பா, லாக்கரா?" என்கிறாள், "திறக்கிறதுக்கு ஒரு ஆளையும் சேத்து அனுப்புவாங்களா உங்க கம்பெனில?", நான் சோபாவில் படுத்துக்கொண்டு சிரித்தேன், சிரித்தேனே, "ஒனக்கு தெம்பு இல்ல சித்தி, ஒத்துக்கோ" என்று வேறு சொன்னேன், அடுத்த நிமிடம் அவள் கத்தியை எடுத்து வளையத்தை நெம்ப, கத்தி வழுக்கி, கட்டைவிரலில் மூன்று தையல். டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, "இவ கம்பெனிதான் டாக்டர் குத்திடுச்சு" என்றாள், அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த மருந்து வாடையில்தான் ஸ்டோர் ரூம் தரை ஞாபகம் வந்தது. பதினான்கு நாட்டில் எத்தனை சித்திகள், எத்தனை ஈரக் கை... வேலை நிரந்தரமாகும் கடிதம் அடுத்த வாரம், சொன்னால் வராது, வராமல் போகட்டும், வேறு வேலை தேடலாம், வேறு கட்டைவிரல் தேட முடியுமா?

"அடுத்தது. நம்ம ஸ்டார் பேசுவாங்க." எழுந்துவிட்டேன். "சார், இந்த தொண்ணூத்தாறு தப்பு," என்றேன், "பாட்டில நான் முன்னாடியே திறந்துட்டேன், எல்லாத்தையும்." ஸ்டோர் ரூம், வெள்ளித்தாள், வளையம், சித்தி விரல், எதையும் விடவில்லை. மூடியை வடிவமைத்த எஞ்சினியர் பாட்டிலை எடுத்து ஒரே திருகில் திறந்து, "வருதே!" என்றார். "கைய சோப்பு போட்டு நனைச்சுட்டு வந்து, இன்னும் திறக்காத வேற பாட்டில திறங்க சார்," என்றேன். போனார், வந்தார், திருகினார், சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினார், காது சிவந்தது, திறக்காத பாட்டிலை மேஜையில் வைத்தார். அடுத்தது முதல் தடவையாக அடுத்தது என்று சொல்லவில்லை. "மறுபடி டெஸ்ட் பண்ணணும்னா யார் பண்றது?" என்றார், "நான்தான் சார், வேலைல வச்சிருந்தா," என்றேன், யாரோ சிரித்தார்கள், எனக்குள் ஏதோ லேசாயிற்று, முடிந்தது, சொல்லிவிட்டேன், இனி என்ன ஆனாலும்...

அப்போதுதான் திரையிலிருந்து மேடம் கேட்டார், அதட்டாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், "இருநூத்தி நாப்பது வீட்ல ஒருத்தர்கூட எதுவும் சொல்லலையா?" "இல்ல மேடம், ஒருத்தர்கூட..." என்று ஆரம்பித்துவிட்டேன், வார்த்தை பாதியில் இருக்கும்போதே அந்த அக்கா ஞாபகத்தில் வந்து நிற்கிறாள், சோதனைக்குப் போன வீடுகளில் ஒன்று, நாலாவது மாடி, தோளில் பிழிந்த துணி, "ஏம்மா, வரும்போதே திறந்திருந்துச்சே, யாரோ யூஸ் பண்ணத குடுத்துட்டீங்களா?", நான் சிரித்து, "சேச்சே, புதுசுதான்க்கா" என்று சொல்லி, அதை எங்கே பதிவது என்று படிவத்தில் மேலும் கீழும் தேடினேன், அதற்கு ஒரு கட்டம் இல்லை, தேடினேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது, பிறகு "மிக எளிது" என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டு மணியை அடித்தேன்... அப்படியானால் ஐந்து வாரம் முன்பே, சித்திக்கும் கத்திக்கும் முன்பே, எனக்கு... தெரியுமா? மேடம் காத்திருக்கிறார்.