வரைபடத்தில் ஒரு தெரு

“இது உங்க தெருதானே?”

மாப்பிள்ளையின் தாய்மாமன் கைபேசியைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார். பேசி முடித்த சம்பந்தம். நாள் குறிக்க வந்திருந்தார்கள். திரையில் நகரத்தின் வரைபடம். அதில் ஒரு தெரு மட்டும் புண் மாதிரி சிவந்திருந்தது.

பெண்ணின் அண்ணன், வேன் ஓட்டுகிறவன், முதலில் சந்தோஷப்பட்டுவிட்டான். “ஆமாங்க மாமா, எங்க தெருதான். வெளியிட்டுட்டாங்களா?”

அந்தச் சிவப்பை வரவழைத்ததே அவன்தான். ஓட்டுநர் உரிமத்தில் இந்தத் தெருவின் பெயர் இருந்தால் போதும், போலீஸ் வண்டியை ஓரங்கட்டும். இருக்கையைக் கிளப்பிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், ஒன்றும் இல்லாமல் போகச் சொல்வார்கள். பிறகு ஒரு சட்டம் வந்தது. நிறுத்துகிற வண்டியையும் ஓட்டுகிறவனின் தெருவையும் பதிந்து, ஊர் பார்க்க வரைபடமாக வெளியிட வேண்டும்; பதிவு கூடக் கூடத் தெரு சிவக்கும். போலீஸ்காரர்கள் பதியாமல் நழுவினார்கள். அவன் விடவில்லை. “எழுதுங்க சார்” என்று அங்கேயே நிற்பான். வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் அப்படி நிற்க வைத்தான். ‘கணக்கப்பிள்ளை’ என்று போலீஸ்காரர்கள் கிண்டலடித்ததைப் பட்டம் போலச் சுமந்தான். ஊர் பார்த்தால் அவர்களுக்கு வெட்கம் வரும் என்று நம்பினான்.

“இத்தனை தடவை நிறுத்துறாங்கன்னா ஏதோ இருக்கப் போய்த்தானே தம்பி?”

“ஒண்ணும் கிடைக்கலைன்னும் அதுலயே போட்டிருக்கும் மாமா. கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க.”

“நான் பாப்பேன். எங்க சொந்தக்காரங்கள்ல யாரு கீழ தள்ளிப் பாக்கப் போறா? சிவப்பைப் பாப்பாங்க, வாயில போட்டு மெல்லுவாங்க.” அவர் குரலில் கோபமே இல்லை. “பொண்ணு தங்கம். யாரு இல்லைன்னா? அட்ரஸ்தான் இடிக்குது.”

மாப்பிள்ளையின் அம்மா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

கார் கிளம்பியதும் அவன் வேன் சாவியை எடுத்தான். தங்கை ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

“எங்கண்ணா போற?”

“பேசிப் பாக்கறேன்.”

“கெஞ்சப் போற. அதுக்குப் பேரு பேசறதா?”

அவன் வேனைக் கிளப்பினான்.

தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் மாப்பிள்ளை வீட்டாரின் காரை நிறுத்தியிருந்தார். அதற்குப் பின்னால் வேன் நின்றது. தாய்மாமன் கண்ணாடியை இறக்கினார். “நாங்க இந்தத் தெரு இல்லைங்க. வழி தவறி வந்துட்டோம்.”

“அடடா, மன்னிச்சுக்கோங்க சார். போங்க.”

கார் போய்விட்டது. இடுப்பில் தொங்கிய பதிவுக் கருவியைப் போலீஸ்காரர் தொடவே இல்லை. வேனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க கணக்கப்பிள்ளை. இறங்குங்க. கூட யாரு?”

“என் தங்கச்சி சார்.”

இருக்கையைக் கிளப்பினார். குனிந்து முகர்ந்தார். ஒன்றும் இல்லை. “என்ன, எழுதட்டுமா?”

எழுதினால் தெரு இன்னும் கொஞ்சம் சிவக்கும். எழுதாவிட்டால் இது நடக்கவே இல்லை. முதல் தடவையாக ‘எழுதுங்க’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அடைத்துப்போன சாலையைப் பார்ப்பவன் போலத் திறந்த சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எழுதுங்க சார்,” என்றாள் தங்கை. வேனிலிருந்து இறங்கி அண்ணனின் பக்கத்தில் வந்து நின்றாள். “முன்னாடி நிறுத்தினீங்களே, அந்தக் காரையும் சேத்து எழுதுங்க.”

போலீஸ்காரர் சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார்.

“எந்தக் காரும்மா?”

கருவியை எடுத்து, யாரையும் கேட்காமலே, தெருவின் பெயரைத் தட்டத் தொடங்கினார்.