பலகைக்கு வெளியே

“அந்த மூலையில வீட்ட யாரு ஒட்டச் சொன்னா? படத்துல—”

“வீடு இருக்கிற எடத்துல வீட்டத்தானே ஒட்ட முடியும்? வேற என்னத்த—”

“நான் பேசிக்கிட்டிருக்கேன்!”

“நானும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், முதலாளி.”

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில் பசை நாற்றமும், கருகிய தெர்மோகோல் நாற்றமும், ரெசின் நெடியும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நடுவில், நாலு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்கு, ஒரு நகரம் கிடந்தது. பலகையில் ஒட்டிய நகரம். தெர்மோகோலை அறுத்துச் செய்த கட்டடங்கள், கம்பியில் ஸ்பாஞ்சைக் கோத்து நட்ட மரங்கள், ரெசின் ஊற்றி இறுகவைத்த கால்வாய். அசல் கால்வாயில் இல்லாத நீலம் இந்தக் கால்வாயில் இருந்தது.

முதலாளிக்கு எதிரே நின்றவளுக்குப் பட்டறையில் அறுப்புக்காரி என்று பெயர். சூடேற்றிய கம்பியில் தெர்மோகோலைக் கொடுத்து வீடுகளாக அறுத்தெடுப்பது அவள் வேலை. அந்தப் புகை தொண்டையிலேயே தங்கி, குரலும் கொஞ்சம் கருகியிருந்தது. பக்கத்தில் சல்லடையோடு நின்றவள் அவளுடைய நாத்தனார். பசை தடவிய இடங்களில் பச்சைச் சாயமேற்றிய மரத்தூளைச் சலித்து, புல் முளைக்க வைப்பவள். கண் இமை வரைக்கும் பச்சை. ராத்திரி குளித்தாலும் காலையில் தலையணையில் கொஞ்சம் புல் இருக்கும்.

நகரசபை தன் நீண்டகாலத் திட்டத்தைப் புதுப்பித்திருந்தது. முன்பு போட்ட திட்டத்தில் இல்லாத ஒரு பாகம் இதில் சேர்ந்திருந்தது: இனிமேல் வரப்போகும் பெருமழையையும் கொடுவெயிலையும் ஊர் எப்படித் தாங்கும் என்று. கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம்தான். யோசித்தவர்கள் அத்தனை பேரும் மழைத்தண்ணீரை மாடியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் என்பதுதான் கோளாறு. அவர்கள் யோசித்ததை ஜனங்கள் பார்த்துப் பூரிக்க வேண்டுமே, அதற்காகத்தான் ஊரின் மாதிரி ஒன்றைப் பலகையில் செய்யச் சொல்லியிருந்தார்கள். காலையில் மண்டபத்தில் வைத்துக் காட்டுவார்கள். சாயங்காலம் உறுப்பினர்கள் கையைத் தூக்கித் திட்டத்தை நிறைவேற்றிவிடுவார்கள்.

அறுப்புக்காரி எந்தத் தெருவையும் சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அறுப்பாள். மேட்டுப் பக்கத்துப் பங்களாக்களை அப்படித்தான் செய்தாள். அந்தப் பக்கம் அவள் போனதே கிடையாது. கால்வாய் மூலைக்கு வந்தபோது மட்டும் நிமிர்ந்து படத்தைப் பார்க்கவில்லை. சொந்த வீட்டுக்குப் போக யாராவது வழி கேட்பார்களா? கை அதுபாட்டுக்கு ஓடியது. குழாயடி, வளைந்த சந்து, நாத்தனார் வீட்டுச் சாய்ந்த கூரை, தன் வீட்டு ஒற்றை ஜன்னல், எல்லாம் விரல்நுனி அளவில் வந்து உட்கார்ந்தன. ஒட்டியும் முடித்துவிட்டாள். படத்தில் அந்த இடத்தில் வெறும் பச்சைதான் இருந்தது.

“போய்ப் படத்தப் பாரு. என்ன எழுதியிருக்கு?”

“பார்த்தேன் முதலாளி. ‘வெள்ளம் உள்வாங்கும் பூங்கா’ன்னு எழுதியிருக்கு.”

“அப்பறம் என்ன? புல்லு. நடுவுல ஒரு நடைபாதை. நாய் கூட்டிக்கிட்டு நடக்குற ஒரு ஆளு. அவ்வளவுதான். வீட்டச் சுரண்டி எடுத்துட்டுப் புல்லத் தூவுங்க.”

“அது எங்க தெரு.”

“இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன உன் வீட்டையா இடிக்கச் சொன்னேன்? தெர்மோகோல்தானே!”

“இப்ப தெர்மோகோலச் சுரண்டுவோம். சாயங்காலம் கையத் தூக்கினதும் செங்கல்லச் சுரண்ட ஆளு வரும்.”

பலகையின் விளிம்பை இழைத்துக்கொண்டிருந்த தச்சர் எழுந்து வந்தார். ஒல்லி உடம்பு, பெரிய தலை. அதனால் எல்லோருக்கும் அவர் ஆணி. அவரும் கால்வாய்த் தெருக்காரர்தான். குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“முன்ன போட்ட திட்டத்துல நமக்கு வடிகால் கட்டித் தர்றோம்னு சொல்லியிருந்தாங்களேம்மா? அது என்னாச்சு?”

“அதான் தெருவையே எடுத்துட்டாங்களே, ஆணி அண்ணே. தெரு இல்லேன்னா வடிகாலுக்கு என்ன வேலை?”

நாத்தனார் சல்லடையை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். “தண்ணி வர்றது நெசந்தானே அண்ணி?” என்றாள் மெல்ல. “போன மழைக்குக் கட்டில் மேல கட்டில் போட்டு அம்மாவ உக்கார வச்சோம். தண்ணியில மெதந்துபோன என் செருப்ப இன்னும் தேடிக்கிட்டிருக்கேன். அதுவா பொய்? இப்ப இந்த வேலையையும் விட்டுட்டு எங்க போய் நிக்கிறது?”

“வருதுடி. முட்டி வரைக்கும் வருது. யாரு இல்லேன்னது? ஏன் வருதுன்னு அந்தப் பக்கம் பாரு.”

பலகையின் அந்தப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வணிக வளாகம் நின்றது. ஒரு காலத்தில் ஏரி. மழைத்தண்ணீர் முதலில் போய்த் தங்கிய இடம். அதைத் தூர்த்துக் கட்டிய பிறகு, தங்க இடம் கிடைக்காத தண்ணீர் கால்வாய்த் தெருவுக்குக் குடிவந்தது. புதிய திட்டம் அந்த வளாகத்தையும் விட்டுவைக்கவில்லை; அதன் மொட்டை மாடியில் புல் வளர்க்கச் சொல்லியிருந்தது. பாவத்துக்குப் பரிகாரம். நேற்று அந்த மாடியில் புல் தூவியவளே நாத்தனார்தான்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திட்ட அதிகாரி உள்ளே வந்தார். ஒரு கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் மூக்கை மூடிய கைக்குட்டை.

“என்னப்பா இப்படிப் புழுங்குது? ஃபேனப் போடுங்க.”

“ஃபேன் போட்டா புல்லு பறந்துரும் சார்,” என்றார் முதலாளி, கோபத்தை விழுங்கி, குழைவை வெளியே எடுத்து.

“இதுக்குள்ள எப்படி வேலை பாக்குறாங்க?”

“இவங்களுக்குப் பழக்கம் சார்.”

வெயில் தாங்கும் நகரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதியவர், வெயிலே வராத காலை நேரத்தில் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மாதிரியைச் சுற்றி வந்தார். பங்களாக்களைப் பார்த்துத் தலையாட்டினார். மூலைக்கு வந்ததும் தலை நின்றது.

“இது என்னது?”

“சின்னத் தப்பு சார். இதோ சுரண்டிருவாங்க.”

“நான் சுரண்ட மாட்டேன்,” என்றாள் அறுப்புக்காரி.

அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்தார். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் முன் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. “அம்மா, இது உங்க நல்லதுக்குத்தான். பருவநிலை மாறிக்கிட்டிருக்கு, தெரியுமில்ல?”

“தெரியும் சார். கட்டில் வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போச்சு. எங்க நல்லத எங்ககிட்ட எப்ப கேட்டீங்க?”

“கருத்து கேட்டோமே! இணையத்துல போட்டிருந்தோம். உங்க பக்கத்துலேருந்து ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலையே.”

“இப்ப சொல்றேன், கேட்டுக்கோங்க.”

“இப்ப நேரம் முடிஞ்சுபோச்சும்மா. புரிஞ்சுக்கோங்க, தண்ணிக்கு எடம் விட்டுத்தான் ஆகணும்.”

“விடலாம் சார். ஏரி மேல உக்காந்திருக்கே, அந்த வெள்ளைக் கட்டடம் விடுமா?”

“அது ஏற்கெனவே இருக்கிற கட்டுமானம்.”

“நாங்க மட்டும் என்ன, நாளைக்கா கட்டப்போறோம்?”

அதிகாரி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பதில் தேடும்போது குடிப்பதற்காகவே வாங்கி வைத்திருப்பார் போலும்.

ஆணி முன்னால் வந்தார். “சரி சார். எங்கள எங்க வைக்கப்போறீங்க, அத மட்டும் காட்டுங்க. நானே பசை போட்டு ஒட்டிடறேன்.”

அதிகாரியின் விரல் நகரத்தின் மேல் சுற்றியது. மேட்டுப் பக்கத்தைத் தாண்டியது. பெரிய சாலையைத் தாண்டியது. விளிம்புக்கு வந்து, அதையும் தாண்டி வெற்றிடத்தில் நின்றது. “அது… இதுல வராது. கொஞ்சம் தள்ளி. பலகைக்கு வெளியே.”

ஆணி விரல் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். கீழே பட்டறையின் குப்பைக்கூடை இருந்தது, அறுத்த துண்டுகளால் நிரம்பி.

“கூடைக்குப் பக்கத்துலயா சார், உள்ளயா?”

பின்னால் வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அடக்கிப் பார்த்தும் முடியாத சிரிப்பு. முதலாளியின் முகம் சிவந்தது.

“சிரிப்பு வருதா? வேலை வேண்டாம்கிறவங்க இப்பவே வெளிய போகலாம். ஆளா கெடைக்காது? ஒரு வார்த்தை சொன்னா நாளைக்குக் காலையில வாசல்ல வரிசையில நிப்பான்.” நாத்தனார் பக்கம் திரும்பினார். “நீ புத்தியுள்ள பொண்ணு. அவ சுரண்டலேன்னா போகட்டும், நீ மேலயே தூவிரு. நல்லா ஒரு சல்லடை போட்டு மூடிரு.”

நாத்தனார் சல்லடையைத் தூக்கினாள். மூலைக்கு வந்தாள். அறுப்புக்காரி ஒதுங்கி வழிவிட்டாள். வர்ணம் பூசியவர்களின் தூரிகைகள் நின்றுவிட்டன. சல்லடை கால்வாய்த் தெருவுக்கு மேலே நின்றது. அதன் நிழல் அத்தனை வீடுகளையும் மூடியது.

நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

“ஏன் அண்ணி, என் வீட்டுக் கூரைய ஏன் சாய்வா வச்சீங்க?”

“சாஞ்சுதானேடி இருக்கு.”

“பெரிய மனுசங்க பாக்குற எடத்துக்குப் போவுது. நேரா வச்சிருக்கக் கூடாதா?”

“உன் அண்ணன் நேராக்கித் தர்றேன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காரு.”

“அவரு சொல்லுவாரு.”

அவள் நிமிர்ந்தாள். சல்லடையை அப்படியே ஏந்திக்கொண்டு, பலகையைச் சுற்றி நடந்து, எதிர்ப்பக்கம் போனாள். வெள்ளை வளாகத்துக்கு மேலே போய் நின்று, சலிக்கக்கூட இல்லை, கவிழ்த்தாள். பச்சைத்தூள் பொதபொதவென்று கொட்டியது. மாடி போயிற்று. வாசல் போயிற்று. கார் நிறுத்துமிடம் பொட்டுக் கார்களோடு புல்லுக்குள் புதைந்தது.

“தண்ணிக்கு எடம் வேணும்னீங்களே சார்,” என்றாள். “முன்ன இருந்த எடத்தையே குடுத்துட்டேன்.”

“ஏய்! ஏய்!” அதிகாரி இரண்டு கையாலும் புல்லைத் தள்ளப் பார்த்தார். வேர்த்த கை, விரல் விரலாய்ப் பச்சை அப்பிக்கொண்டது. முதலாளி வாசலுக்கு ஓடினார். “வாங்கப்பா உள்ள! வந்து தூக்குங்க! மிச்சத்த அங்க போய்ப் பாத்துக்கலாம்.”

வண்டியோடு வந்திருந்த சுமைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நுழைகிற உருவம். அவரைக் குட்டி என்று கூப்பிட்டார்கள். பலகைக்கு அடியில் கையைக் கொடுத்தவர், கண்ணுக்கு நேரே நகரம் தெரிந்ததும், எல்லோரும் செய்வதைச் செய்தார்: தன் வீட்டைத் தேடினார்.

“இது நம்ம ஊருதானே? பாலத்துக்கு அந்தண்ட எங்க காலனி இருக்கே, அது எங்கம்மா?”

அறுப்புக்காரி காட்டினாள். அங்கே வரிசை வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள் மின்னின.

“என்னது இது?”

“வெயில்ல கரண்டு எடுக்குற பலகைங்க.”

“அப்ப எங்க வீடு?”

“படத்துல இப்படித்தான் அண்ணே இருந்துச்சு. பார்த்து அப்படியே செஞ்சுட்டேன். உங்க தெரு எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா அங்கயும் தப்புப் பண்ணியிருப்பேன்.”

குட்டி கொஞ்ச நேரம் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை வெளியே எடுத்தார். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தரையைத் தட்டி, விரித்து, உட்கார்ந்தார்.

“என்னய்யா உக்காந்துட்ட?” என்று முதலாளி கத்தினார்.

“சும்மாதான் முதலாளி. எழுந்தா எங்க போறதுன்னு தெரியல.”

அவரோடு வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். ஆணி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். வர்ணம் பூசியவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். நாத்தனார் காலிச் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியின் காலடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நகரத்தைச் சுற்றி மனிதர்கள் கரை கட்டியிருந்தார்கள்.

“இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?” என்றார் அதிகாரி.

“எங்க தெருவும் இவரு காலனியும் இருக்கிறபடியே பலகையில போகணும்,” என்றார் ஆணி. “சாயங்காலம் கையத் தூக்குறதுக்கு முன்னாடி, நாங்க பேசுறத அந்த மண்டபத்துல வச்சுக் கேக்கணும். அதுவரைக்கும் யாரும் தூக்க மாட்டோம்.”

“மாதிரி இல்லாமலே திட்டத்த நிறைவேத்த முடியும், தெரியுமா?”

“முடியும் சார். அப்ப நாங்க இப்படியே எழுந்து அங்க வந்து உக்காருவோம்.”

மாதிரி இல்லாமலும் கைகள் தூக்கப்படும் என்பது உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு இந்த வாசலில் வேறு ஆட்கள் வரிசையில் நிற்கலாம் என்பதும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை. குட்டி தன் காலனியில் கிணறு எங்கே, மாமியார் வீடு எங்கே என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்ட, நாத்தனார் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாளி மேசையிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்து வந்து அறுப்புக்காரியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “கடைசியாச் சொல்றேன்.”

அவள் வாங்கிக்கொண்டாள். முனையைத் தன் பக்கமும் பிடியை எதிர்ப்பக்கமும் திருப்பி, பச்சை அப்பிய கைகளோடு நின்ற அதிகாரியிடம் நீட்டினாள்.

“இந்தாங்க சார், நீங்களே சுரண்டுங்க. எந்த வீட்டுல ஆரம்பிக்கிறீங்க?”